அடியா, தண்டமா, வெட்டா, விலக்கா, ஈடா? எந்தத் தவறுக்கு எந்தத் தண்டனை

சில மாதங்களுக்கு முன் மூன்று பேர் என்னிடம் வந்து, வேறு வேறு சொற்களில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

முதலாமவர் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கம் பேக்கரி நடத்துபவர். கடையில் நிற்கும் 17 வயதுப் பையன் கல்லாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவைத்து 12,000 ரூபாய் வரை எடுத்திருக்கிறான். பொலிசுக்குப் போவதா, வேலையை விட்டு நிறுத்துவதா, சம்பளத்தில் பிடிப்பதா? அடுத்து வந்தது ஒரு தாய். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுத வேண்டிய மகன் பாடசாலைக்கென்று சீருடை போட்டுப் புறப்பட்டு டவுனில் சுற்றுகிறான். நாலு போடலாமா, போனைப் பிடுங்கி வைக்கலாமா? மூன்றாமவர் எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியின் பொருளாளர். திருவிழா இரவில் நாலு பையன்கள் குடித்துவிட்டு வந்து, வாடகைக்கு எடுத்த லைட் செட்டை உடைத்துப்போட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று தண்டம் போடலாமா, அடுத்த வருடம் காவடி எடுக்க விடாமல் ஒதுக்கலாமா?

என்னிடம் ஏன் வருகிறார்கள் என்றால், 27 வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள் நான். தண்டனை கொடுத்துப் பழகிய கை என்று ஒரு நினைப்பு. நினைப்பு சரிதான். அந்தக் கணக்கையும் கீழே சொல்கிறேன்.

தண்டம் என்ற சொல்லே வேடிக்கையானது. பழைய தமிழில் அது கோல், தடி. பிறகு ஒறுத்தல், அபராதம். பேச்சுத் தமிழில் வீண் செலவு: "எல்லாம் தண்டம்." மூன்று பொருளும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது தற்செயல்தானா என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

எதை வைத்து எடைபோடுவது

தண்டனைக்கு நாலு நோக்கம் உண்டு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். செய்ததற்குப் பதில் கொடுப்பது, மற்றவர்களுக்குப் பயம் காட்டுவது, ஆளைத் திருத்துவது, ஆபத்தானவரைத் தள்ளிவைப்பது. முடிவெடுக்கும் நேரத்தில் எனக்கு இவை உதவியதில்லை. கோபத்தில் நிற்கும் எவரைக் கேட்டாலும் "திருத்தத்தான்" என்றே சொல்வார். அதனால் நான் வேறு நாலு கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தண்டனை உண்மையில் யார் தலையில் விழுகிறது? தண்டிக்கப்பட்டவர் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டியிருக்கிறதா? நாம் பார்க்காத நேரத்தில் அவர் என்ன செய்வார்? ஆளை மாற்றிப் பிடித்துவிட்டோம் என்று பிறகு தெரிந்தால், கொடுத்த தண்டனையைத் திருப்பி எடுக்க முடியுமா?

இரண்டாவது கேள்வி மலையகத்தில் மிகவும் கனமானது. கொழும்பில் ஒருவரைத் தண்டித்துவிட்டு வேறு தெருவால் போய்விடலாம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சுவர் பொது, தண்ணீர் பிடிக்கும் பீலி பொது, சாவு வீடும் பொது. இன்று கமிட்டியில் நீங்கள் தண்டித்தவன்தான் நாளைக்கு உங்கள் வீட்டுப் பாடையைத் தூக்க வருவான்.

அடி

"அடியாத மாடு படியாது" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அடியின் கவர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும். காசு செலவில்லை, அரை நிமிட வேலை, வகுப்பு உடனே அமைதியாகிவிடும். அந்த அமைதி அடிக்கிறவருக்குக் கிடைக்கும் கூலி. அதனால்தான் விட முடிவதில்லை.

என் கதை இது. ஏழாம் வகுப்பு, மணி அடித்த பிறகு வருகிறவர்களுக்கு உள்ளங்கையில் ஒரு பிரம்படி. ஒரு பையன் வாரத்தில் மூன்று நாளாவது பிந்துவான். இரண்டே வாரத்தில் அவன் பிந்தி வருவது நின்றுவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியர் அறையில் சொல்லிக்காட்டவும் செய்தேன். தவணை முடிவில் வரவு இடாப்பைக் கூட்டும்போதுதான் விஷயம் தெரிந்தது. பிந்திவிடும் என்று தெரிந்த நாட்களில் அவன் வரவே இல்லை. விடியும்போதே அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விடுவார். ஆயா வரும்வரை காத்திருந்து, தங்கச்சியைப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) விட்டுவிட்டு வர வேண்டியவன் அவன். கால் மணி நேரம் பிந்தி வந்துகொண்டிருந்த பிள்ளையை, நாள் முழுக்க வராத பிள்ளையாக மாற்றியிருந்தேன்.

மூன்றாவது கேள்வியில் அடி தோற்பது இப்படித்தான். அடி படிப்பிப்பது அடிக்கிறவரிடம் சிக்காமல் இருக்கும் வழியை. பொய், ஒளிப்பு, மற்றவனைக் காட்டிக்கொடுப்பது எல்லாம் அதோடு சேர்ந்து வரும். நாலாவது கேள்வியிலும் தோல்விதான். விழுந்த அடியை யாரும் திருப்பி எடுக்க முடியாது.

சட்டமும் இப்போது தெளிவாக இருக்கிறது. நீதிமன்றத் தண்டனையாகச் சவுக்கடி கொடுப்பதை 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது. பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு அதே 2005இலும் மறுபடி 2016இலும் சுற்றறிக்கை அனுப்பியது. ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், பாடசாலையில் உடல் தண்டனை, சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுகிறது என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டால் அறிவிக்க 1929 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனாலும் "நல்லா அடிச்சுப் படிப்பியுங்க டீச்சர், கண்ணையும் காதையும் மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, பல வருடம் அதைக் கேட்டுச் சிரித்தவள் நான்.

ஒப்பீடு என்று எழுதும்போது, இது எங்கே சிறந்தது என்றும் சொல்ல வேண்டும். அடிக்கு அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் கைவைக்கப் போகும் குழந்தையின் கையைப் பிடித்து இழுப்பது தண்டனைக் கணக்கில் வராது.

தண்டப்பணம்

பணம் என்றால் அடியைவிட நாகரிகம் என்று தோன்றும். பல இடங்களில் அது உண்மையும்கூட. அட்டன் மல்லியப்புச் சந்தியில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவன் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினால் பொலிஸ்காரர் சீட்டு எழுதுகிறார். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் காசைக் கட்டினால் விஷயம் முடிந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, வேலை போகவில்லை. பிறகு தப்பு என்று தெரிந்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒருவரை ஒருவர் அறியாத இடத்தில், விதி தெளிவாக இருந்தால், தண்டப்பணத்தை அடிக்க ஆளில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது, தண்டம் விலையாக மாறிவிடுவது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பிள்ளை பராமரிப்பு நிலையங்களில் செய்த ஓர் ஆய்வை யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இருவர் 2000இல் வெளியிட்டார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சில நிலையங்களில் தண்டம் விதித்துப் பார்த்தார்கள். பிந்தி வருபவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானார்கள். அதுவரை ஆசிரியை காத்திருப்பாரே என்று கூச்சப்பட்டவர்கள், இப்போது காசு கட்டிப் பிந்தினார்கள். தண்டத்தை நீக்கிய பிறகும் கூச்சம் திரும்பி வரவில்லை. கோயில் பொருளாளருக்கு நான் முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான். தலைக்கு 5,000 என்று போட்டால், வெளிநாட்டிலிருந்து அண்ணன் காசு அனுப்புகிறவன் அதைக் கட்டிவிட்டு அடுத்த திருவிழாவிலும் குடித்துவிட்டு வருவான். "கட்டிட்டேன்ல?" என்றும் கேட்பான்.

இரண்டாவது, அதே 5,000 இன்னொரு வீட்டில் வேறு எடையில் விழும். பையனிடம் ஏது காசு? அம்மாவின் சம்பளத்திலிருந்து போகும், அல்லது அக்காவின் தோடு அடகுக்குப் போகும். நம் நாட்டுச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுப் போகிறவர்களில் கணிசமானவர்கள், தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் போனவர்கள். நீதவான் விதித்தது பணம்தான். ஏழைக்கு அது சிறையாகிவிடுகிறது.

வெட்டு: சம்பளத்தில் பிடிப்பதும் சலுகையைப் பறிப்பதும்

இதைப் பற்றி மலையகத்துக்காரர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் சட்டத்தின்படி வேலைக்கு வராதவரின் சம்பளத்தை வெட்டலாம், சொல்லாமல் விட்டுப்போனவரைச் சிறைக்கும் அனுப்பலாம். கூலி தொடர்பான ஒரு பிணக்கைக் குற்றமாக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சிறைத் தண்டனை போய் நூறு வருடம் ஆகிறது. அரைப்பேர் மட்டும் போகவில்லை.

வெளியூர் வாசகருக்காக: ஒரு நாள் வேலையை நாங்கள் "பேர்" என்போம். சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்தக் கிலோ 16, 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது கிலோவையும் கூட்டிவிட்டார்கள் என்ற குறை பல தோட்டங்களில் கேட்டது. இதைத் தண்டனை என்று யாரும் சொல்வதில்லை, கணக்கு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மலை புல் மண்டிக் கிடந்து, வெயிலில் துளிர் நின்றுபோய், எடை குறைந்தால் அது பறித்தவளின் தவறா? போதாததற்கு, தராசில் தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் தனியாகக் கழிப்பார்கள். அவள் என்ன செய்வாள்? முற்றிய இலையையும் சேர்த்து உருவிப் போட்டு எடை காட்டுவாள். தேயிலையின் தரம் போகும். துரைமாருக்கும், அதாவது தோட்ட நிர்வாகிகளுக்கும், நட்டம்தான். அந்த நட்டத்தை எந்தப் புத்தகத்திலும் அரைப்பேரின் செலவாக எழுதமாட்டார்கள்.

வெட்டைப் பரிசு மாதிரிச் சோடிப்பதும் உண்டு. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 730 ரூபாய் என்றார்கள். அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. வரவு குறைந்தாலோ கிலோ குறைந்தாலோ கையில் வருவது எவ்வளவு என்று மாதக் கடைசியில்தான் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் நின்றவளுக்கு அந்த 60 ஒரு தண்டமாகத்தான் இருந்தது.

வீட்டில் இது கொஞ்சம் நன்றாகவே வேலை செய்யும். தவறோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், காலம் குறுகியதாக இருக்க வேண்டும், எப்போது திரும்பக் கிடைக்கும் என்று முதலே சொல்லியிருக்க வேண்டும். இரவு 2 மணிவரை போன் பார்த்துவிட்டுக் காலையில் எழும்பாதவனிடம் இரவு 9 மணிக்கு போனை வாங்கி வைப்பது நியாயம். டவுனில் சுற்றினான் என்பதற்காக ஒரு மாதம் முழுக்கப் பிடுங்குவது வேறு கதை. இப்போது பாடக் குறிப்புகளும் வகுப்பு மாற்றங்களும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. படிப்பில்லை என்று தண்டித்து, இருந்த படிப்பையும் நிறுத்தியதாகிவிடும்.

விலக்கல்: நிறுத்துவது, ஒதுக்குவது, அடைத்துவைப்பது

தோட்டத்தில் முன்பு இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று துண்டு. அதில் எழுதிய கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். மற்றது பத்துச்சீட்டு. அது கையில் விழுந்தால் வேலை மட்டுமல்ல, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். ஒருவர் செய்த தப்புக்குக் குடும்பமே சட்டி பானையோடு ரோட்டில் நிற்கும். போகவிடாமல் கட்டிவைக்க ஒரு சீட்டு, விரட்ட ஒரு சீட்டு. பாட்டி "பத்துச்சீட்டு" என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

இன்று வேலைநீக்கத்துக்குக் கேள்வி உண்டு. நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். ஆனால் பேக்கரிப் பையன் மாதிரியானவர்கள் அந்தப் படியெல்லாம் ஏறுவதில்லை. கொழும்புக்கு பஸ் ஏறி வேறொரு கடையில் நிற்பார்கள், அங்கே பெரும்பாலும் இதைவிட மோசமான கல்லாவும் மோசமான முதலாளியும். பொலிசில் வழக்கு விழுந்து குற்றவாளி என்று தீர்ப்பானால், நாலு வருடம் கழித்து வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

பாடசாலையில் "இரண்டு வாரம் வராதே" என்பது, வராமல் சுற்றியவனுக்கு நாமே கொடுக்கும் லீவு. அவனுடைய தாய்க்கு மட்டும் அது தண்டனை. அதிபரைப் பார்க்க ஒரு நாள் பேரை விட வேண்டும்.

அரச உத்தியோகத்தில் இன்னொரு வகை உண்டு, தண்டனை இடமாற்றம். எங்கள் பக்கத்துக்கு வந்த சில உத்தியோகத்தர்கள் தாங்கள் அப்படி அனுப்பப்பட்டவர்கள் என்று தாங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். யார் அவர்களைத் தண்டித்தார்களோ தெரியாது, அவர்களுடைய முகத்தை மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள்.

இந்த வரிசையின் கடைசிப் படி கண்டியில் நின்றது. 1876இல் திறந்து 2014இல் மூடிய போகம்பறைச் சிறையில் தூக்குமேடை இருந்தது. இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூனில். மரண தண்டனை இன்னும் சட்டத்தில் இருக்கிறது, நீதிமன்றங்கள் விதிக்கவும் செய்கின்றன, நிறைவேற்றுவதில்லை. என் நாலாவது கேள்விக்கு நாடே பயந்து நிற்கும் இடம் என்று அதைப் பார்க்கிறேன்.

சரி, விலக்கல் எப்போது சரி? கூட இருப்பவருக்கு ஆபத்து என்றால் உடனே, தயங்காமல். பிள்ளைகளிடம் கைவைக்கும் ஆயாவையோ ஆசிரியரையோ "ஒரு சந்தர்ப்பம் கொடுப்போம்" என்று வைத்திருக்க முடியாது. அங்கே திருந்துவானா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஈடுகட்டல்

உடைத்ததை ஒட்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடு, செய்ததை வாயால் சொல். இந்த வழிக்கு நம் சட்டத்திலும் இரண்டு வாசல் இருக்கின்றன. ஒன்று, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபை. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. வக்கீல் வைத்து வாதாடவும் முடியாது. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, இணங்கினால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். இணங்காவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். மற்றது, 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம். சிறு குற்றத்துக்குச் சிறைக்குப் பதிலாக ஊருக்கு வேலை செய்யும்படி நீதவான் கட்டளையிடலாம்.

என் நாலு கேள்விகளில் அதிகப் புள்ளி வாங்குவது இதுதான். செய்தவன் தலையிலேயே விழுகிறது, பீலியடியில் முகம் பார்க்க முடிகிறது. ஆனால் விலை உண்டு. நேரம் எடுக்கும், மேற்பார்வைக்கு ஓர் ஆள் வேண்டும், பாதிக்கப்பட்டவர் எதிரில் உட்கார மனம் வர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் நாங்கள் பெரிய அநியாயம் செய்து வந்திருக்கிறோம்.

மனைவியை அடித்தவனைத் தோட்டத் தலைவர் முன்னால் கூப்பிடுவார்கள். "இனிச் செய்யமாட்டேன்" என்பான். கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். "சரி, போய்க் குடும்பம் நடத்தும்மா" என்று அவளை அனுப்பிவிடுவார்கள். சமாதானம் என்ற பெயரில், அடித்தவனோடு அதே காம்பராவுக்குள் அவளைப் பூட்டுகிறார்கள். இதைப் பேசித் தீர்க்கும் விஷயமாக வைக்கக்கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இரு பக்கமும் ஓரளவாவது சம பலத்தில் இருந்தால்தான் ஈடுகட்டல் நியாயமாக இருக்கும்.

மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

கோயில் பொருளாளருக்குச் சொல்வது எளிதாக இருந்தது. தண்டம் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். நாலு பேரும் லைட் செட்காரர் கடைக்குத் தாங்களே போய், தாங்களே சொல்லி, வயர் சுற்றிக் குழல் மாற்றும் வேலையில் ஞாயிறு தோறும் நிற்கட்டும், செலவு தீரும்வரை. அடுத்த திருவிழாவில் விளக்குப் பொறுப்பு அவர்களுக்கே. ஒருவன் மட்டும் மூன்றாவது ஞாயிறோடு நின்றுவிட்டான் என்று கேள்வி. அவனுக்குக் காவடி இல்லை என்று கமிட்டி முடிவெடுத்திருக்கிறது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தாய்க்கு என்னால் தண்டனை எதுவும் சொல்ல முடியவில்லை. பையன் எந்தெந்த நாட்களில் போகவில்லை என்று முதலில் இடாப்பைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். செவ்வாயும் வியாழனும். இரண்டு நாளும் முதல் பாடம் கணிதம். டவுன் சுற்றுவது பிறகு வந்த பழக்கம். இப்போது மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வருகிறான், பாதி நாட்கள்.

பேக்கரிக்காரரோடுதான் நெடுநேரம் பேசினேன். பையனின் அப்பா இல்லை, அம்மா தோட்டத்தில் பேருக்குப் போகிறவர். பொலிஸ் என்றால் விழுவது அம்மா தலையில், நிறுத்தினால் காசும் வராது ஆளும் போய்விடுவான். சம்பளத்தில் தன்னிஷ்டத்துக்குப் பிடிக்கச் சட்டமும் இடம் கொடுக்காது. கடைசியில் அம்மாவையும் வைத்துப் பேசி, சம்பளத்தை முழுதாகக் கையில் கொடுப்பது, அவன் தன் கையால் வாரம் 500 ரூபாய் திருப்பித் தருவது என்று எழுதிக்கொண்டார்கள். 24 வாரம்.

போன வாரம் பாண் வாங்கப் போனேன். பையன் மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

"ஒழுங்கா குடுக்குறானா முதலாளி?" என்று கேட்டேன்.

"ஒரு வாரமும் தவறல டீச்சர். நல்ல பையன்தான்" என்றவர், மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தார். மூன்று மாதமாக மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவர் வீட்டுக்குப் போவதில்லையாம். கல்லாவை விட்டு எழும்ப மனம் வரவில்லை.